ஆங்கில வாக்கியத்தை எந்தச் சொல்லில் தொடங்கலாம்? ஒரு முழுமையான வழிகாட்டி

ஆங்கிலத்தில் நாலு வரி எழுத உட்காரும்போது பலருக்கும் கை நின்றுபோகிற இடம் வாக்கியத்தின் முதல் சொல்தான். 'அண்ட்' என்று தொடங்கக் கூடாது, 'பட்' வரக் கூடாது, 'பிகாஸ்' வரவே கூடாது என்று பள்ளியில் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு, நல்லபடியாக வந்த வாக்கியத்தைக்கூட அடித்துவிட்டு, அந்த இடத்தில் 'மோரோவர்', 'நெவர்தெலெஸ்' என்று கனமான ஒரு சொல்லைத் தூக்கி வைக்கிறார்கள். எழுத்து இறுகிப்போகிறது, இலக்கணம் ஒன்றும் திருந்துவதில்லை.

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். இந்த மூன்று சொற்களை வாக்கியத்தின் முதலில் வைக்கக் கூடாது என்று ஆங்கில இலக்கணத்தில் எந்த விதியும் கிடையாது. பெயர், வினை, இணைப்புச்சொல், முன்னிடைச்சொல் ('இன்', 'பை' போன்றவை), எதிர்மறைச்சொல் என்று ஏறக்குறைய எல்லா வகையும் முதலில் வரலாம். ஆனால் ஒவ்வொரு வகையும் தனக்குப் பின்னால் ஏதோ ஒன்றை எதிர்பார்க்கிறது. 'பிகாஸ்' வந்தால் பின்னால் இரண்டு வினைமுற்றுகள் வர வேண்டும், 'நெவர்' வந்தால் சொல்வரிசை மாற வேண்டும், 'வாக்கிங்' போன்ற ஒரு சொல் வந்தால் அடுத்து வருகிற எழுவாய்தான் நடந்திருக்க வேண்டும். தவறு நடப்பது பெரும்பாலும் பின்பகுதியில், பழி விழுவது முதல் சொல்லின் மேல். அதனால் கீழே ஒவ்வொரு வகையாக எடுத்து, அது எதைக் கேட்கிறது என்று பார்ப்போம். உதாரணங்களை வாய்விட்டுப் படியுங்கள், பாதி சந்தேகம் காதிலேயே தீர்ந்துவிடும்.

முதல் படி: வாக்கியம் முழுதாக இருக்கிறதா?

முதல் சொல்லைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால், வாக்கியத்தில் ஒரு எழுவாயும் அதற்கு உரிய ஒரு வினைமுற்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வினைமுற்றைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: விஷயத்தை நேற்று நடந்ததாக மாற்றிச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் நாளை நடக்கப்போவதாகச் சொல்லிப் பாருங்கள், எந்தச் சொல் மாறுகிறதோ அதுதான் வினைமுற்று. 'ஷி ரைட்ஸ் லெட்டர்ஸ்' என்பதில் 'ரைட்ஸ்' நேற்றைக்கு 'ரோட்' ஆகிறது, நாளைக்கு 'வில் ரைட்' ஆகிறது. 'ரைட்டிங் லெட்டர்ஸ் எவ்ரி டே' என்பதில் மாறுவதற்கு ஒன்றுமே இல்லை, அதனால் எவ்வளவு நீளமாக இழுத்தாலும் அது வாக்கியம் ஆகாது. 'டு ரைட்', 'ரிட்டன்' இவற்றுக்கும் இதே கதிதான்.

எழுவாயை விட்டுவிடுவது நமக்குச் சுலபமாக நடக்கிற தவறு. தமிழில் 'வந்தேன்' என்றால் போதும், வந்தவர் யார் என்பது வினையின் விகுதியிலேயே இருக்கிறது. ஆங்கில வினைக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் எழுவாய் என்று சொல்ல ஒரு பொருளும் இல்லாத இடத்தில்கூட அந்த மொழி ஒரு சொல்லைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறது. 'இஸ் ரெய்னிங்' என்று தொடங்க முடியாது, 'இட் இஸ் ரெய்னிங்' என்றுதான் தொடங்க வேண்டும். 'இஸ் எ ப்ராப்ளம் இன் திஸ் ஃபைல்' தவறு, 'தேர் இஸ் எ ப்ராப்ளம் இன் திஸ் ஃபைல்' சரி. 'தேர்' என்று தொடங்கும்போது ஒருமை பன்மையை முடிவு செய்வது பின்னால் வருகிற பெயர்ச்சொல் என்பதை மட்டும் மறக்காதீர்கள்: 'தேர் இஸ் எ மிஸ்டேக்', ஆனால் 'தேர் ஆர் மெனி மிஸ்டேக்ஸ்'.

எழுவாய் இல்லாமல் நேராக வினையில் தொடங்குவதற்கு ஒரு இடம் உண்டு, அது ஏவல். 'ஓபன் தி டோர்' முழு வாக்கியம்தான், உள்ளே 'யூ' இருப்பது எல்லோருக்கும் தெரியும். முன்னால் 'ப்ளீஸ்' சேர்த்தாலும் அதே வாக்கியம்தான்.

இரண்டாம் படி: அண்ட், பட், ஸோ, ஆர், யெட்

தாராளமாகத் தொடங்கலாம். இது புதுப் பழக்கமும் இல்லை. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிளில் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மொத்தம் 31 வசனங்கள். முதல் வசனம் 'இன்' என்ற முன்னிடைச்சொல்லில் தொடங்குகிறது, 27ஆம் வசனம் 'ஸோ' என்று தொடங்குகிறது, மீதி 29 வசனங்களும் 'அண்ட்' என்றுதான் தொடங்குகின்றன. 1776இன் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில், கையெழுத்துகளுக்கு மேலே இருக்கிற கடைசி வாக்கியம் 'அண்ட் ஃபார் தி சப்போர்ட் ஆஃப் திஸ் டிக்ளரேஷன்' என்று ஆரம்பிக்கிறது. ஒரு நாட்டையே தொடங்கி வைத்த ஆவணம் அது, அதைவிட முறையான எழுத்து ஒன்றைக் காட்டுவது கஷ்டம்.

அமெரிக்கப் பதிப்புலகில் பெரும் செல்வாக்குள்ள சிகாகோ மேனுவல் ஆஃப் ஸ்டைல் கையேடும் இதைத் தெளிவாகவே சொல்கிறது: இணைப்புச்சொல்லில் தொடங்கக் கூடாது என்ற நம்பிக்கைக்கு வரலாற்றிலும் இலக்கணத்திலும் அடிப்படை இல்லை, முதல்தரமான எழுத்தில் பல சமயம் 10 சதவீத வாக்கியங்கள் வரை அப்படித்தான் தொடங்குகின்றன. பிறகு ஏன் பள்ளியில் தடுத்தார்கள்? சின்னப் பிள்ளைகள் கதை எழுதும்போது 'அண்ட்... அண்ட்... அண்ட்' என்று கோத்துக்கொண்டே போவார்கள், அதை நிறுத்தப் போட்ட வேலி இது என்றுதான் பொதுவாக விளக்கம் சொல்வார்கள். பத்து வயதில் அந்த வேலிக்கு ஒரு அர்த்தம் இருந்திருக்கலாம். வளர்ந்த பிறகும் அதற்குள்ளேயே நிற்க வேண்டியதில்லை.

தொடங்கலாம் என்று தெரிந்த பிறகு கவனிக்க வேண்டியது காற்புள்ளி. 'பட், வி வென்ட் ஹோம்' என்று எழுதுகிறவர்கள் நிறைய. அந்தக் காற்புள்ளி வேண்டாம், 'பட் வி வென்ட் ஹோம்' போதும். 'பட்' முடிந்ததும் ஒரு இடைச்செருகல் வந்தால் மட்டும் காற்புள்ளிக்கு வேலை உண்டு. 1863இல் அமெரிக்க அதிபர் லிங்கன் கெட்டிஸ்பர்கில் பேசிய உரையில் வருகிற 'பட், இன் எ லார்ஜர் சென்ஸ், வி கேன் நாட் டெடிகேட்' அப்படிப்பட்டது, நடுவில் இருக்கிற துண்டை எடுத்துவிட்டால் இரண்டு காற்புள்ளிகளும் சேர்ந்து போய்விடும்.

இன்னொன்று, 'பட்' என்றால் பேச்சு திரும்புகிறது என்று அர்த்தம். அடுத்தடுத்து இரண்டு வாக்கியங்கள் 'பட்' என்று தொடங்கினால் படிக்கிறவர் ஒரு பக்கம் திரும்பி, உடனே மறுபக்கம் திரும்பி, கடைசியில் நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்றே தெரியாமல் விழிப்பார். ஒரு பத்திக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வது என் பழக்கம், அதற்குமேல் தேவைப்பட்டால் பத்தியின் வாதமே கலைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். 'அண்ட்' போடும்போது முன் வாக்கியத்தோடு உண்மையாகவே ஏதோ ஒன்றைக் கூட்டுகிறீர்களா என்று பாருங்கள், சும்மா ஒரு ஓட்டத்துக்காக வந்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

'நார்' இந்தக் குடும்பம்தான், ஆனால் அது சொல்வரிசையையும் மாற்றும்: 'ஹி டிட் நாட் கால். நார் டிட் ஹி ரைட்.' 

ஒரு நடைமுறை விஷயமும் சொல்ல வேண்டும். தேர்வுத்தாளைத் திருத்துகிறவரோ உங்கள் மேலாளரோ பழைய விதியைப் பிடித்துக்கொண்டிருப்பவர் என்று தெரிந்தால், அந்த ஒரு தாளுக்கு விட்டுக்கொடுத்துவிடுங்கள். முன் வாக்கியத்தின் முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டுக் காற்புள்ளி போட்டு 'பட்' என்று சேர்த்தாலே போதும், யாருக்கும் மனக்குறை வராது.

மூன்றாம் படி: பிகாஸ், இஃப், வென், ஆல்தோ

உண்மையான சிக்கல் இருப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

'பிகாஸ் தி ரோட் வாஸ் வெட், வி ட்ரோவ் ஸ்லோலி.' இது குறையே இல்லாத வாக்கியம். 'வாஸ்' ஒரு வினைமுற்று, 'ட்ரோவ்' இன்னொன்று, முதலாவது காரணத்துக்கு, இரண்டாவது முக்கியச் செய்திக்கு. இப்போது இதைத் திருப்பிப் போட்டு நடுவில் ஒரு முற்றுப்புள்ளி வைத்துப் பாருங்கள்: 'வி ட்ரோவ் ஸ்லோலி. பிகாஸ் தி ரோட் வாஸ் வெட்.' இரண்டாவது துண்டு வாக்கியம் ஆகவில்லை. காரணம் இருக்கிறது, காரியம் முற்றுப்புள்ளிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது.

தமிழில் 'மெதுவாக ஓட்டினோம். ஏனென்றால் சாலை ஈரமாக இருந்தது' என்று எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், அதனால் இந்தப் பிழை நம் கண்ணில் படுவதே இல்லை. கண்டுபிடிக்க ஒரு வழி: முற்றுப்புள்ளிக்குப் பிறகு இருக்கிற துண்டை மட்டும் தனியாக ஒருவரிடம் சொல்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். 'சாலை ஈரமாக இருந்த காரணத்தால்' என்று சொல்லிவிட்டு நீங்கள் நிறுத்தினால் எதிரில் இருப்பவர் 'சரி, அதனால் என்ன?' என்று கேட்பார். அந்தக் கேள்வி எழுந்தால் துண்டு, எழாவிட்டால் வாக்கியம்.

'இஃப்', 'வென்', 'வைல்', 'சின்ஸ்', 'ஆல்தோ', 'அன்லெஸ்', 'ஆஃப்டர்', 'பிஃபோர்', 'அன்டில்' எல்லாம் இதே குடும்பம், எல்லாவற்றையும் முதலில் வைக்கலாம், முக்கியச் செய்தி பின்னால் வந்தே ஆக வேண்டும். வருவதற்கு எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை. மேலே சொன்ன அதே சுதந்திரப் பிரகடனம் 'வென் இன் தி கோர்ஸ் ஆஃப் ஹ்யூமன் ஈவென்ட்ஸ்' என்று தொடங்கி, வரிவரியாக நீண்டு, முக்கிய வினைமுற்றான 'ரிக்வயர்ஸ்' என்ற சொல்லை வாக்கியத்தின் கடைசிப் பகுதியில்தான் கொண்டுவருகிறது. படிக்கிறவர் அதுவரை காத்திருக்கிறார், ஏனென்றால் 'வென்' என்ற முதல் சொல்லே பின்னால் ஒன்று வரும் என்று சொல்லிவிட்டது.

இந்தக் குடும்பத்தில் அதிகமாக நடக்கிற தவறு, இரண்டு இணைப்புச்சொற்களை ஒரே வாக்கியத்தில் போடுவது. 'ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், பட் வி வென்ட் அவுட்.' இதில் 'ஆல்தோ' வேண்டும், அல்லது 'பட்' வேண்டும், இரண்டும் சேர்ந்து வரக் கூடாது. 'சின்ஸ் ஹி வாஸ் இல், ஸோ ஹி டிட் நாட் கம்' என்பதும் அதே கதைதான், 'ஸோ' போக வேண்டும். முன்னால் ஒரு கயிறு கட்டியாயிற்று என்றால் நடுவில் இன்னொன்று தேவையில்லை.

'இஃப்' போட்டுத் தொடங்கும்போது, எதிர்காலத்தைப் பற்றிப் பேசினாலும் அந்தப் பகுதியில் 'வில்' வராது. 'இஃப் ஹி வில் கம், ஐ வில் டெல் ஹிம்' தவறு, 'இஃப் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்' சரி. 'வென்', 'ஆஃப்டர்', 'அன்டில்' போட்டுக் காலத்தைச் சொல்லும்போதும் இப்படியே. காற்புள்ளி விஷயம் சுலபம்: துணைவாக்கியம், அதாவது 'இஃப்', 'வென்' தொடங்கி வைக்கிற பகுதி, முன்னால் வந்தால் நடுவில் காற்புள்ளி, பின்னால் போனால் பெரும்பாலும் வேண்டாம்.

'சின்ஸ்' என்று தொடங்கும்போது ஒரு முறை நிதானியுங்கள். 'சின்ஸ் ஷி லெஃப்ட், ஐ ஹேவ் டன் ஆல் தி வொர்க்.' அவள் போனதிலிருந்தா, போன காரணத்தாலா? இரண்டும் பொருந்துகிறது. காரணம்தான் சொல்ல வந்தது என்றால் பயப்படாமல் 'பிகாஸ்' போட்டு எழுதுங்கள், அதில் குழப்பத்துக்கு இடமே இல்லை. 'பிகாஸ்' கூடாது என்ற பயத்தில் 'சின்ஸ்', 'ஆஸ்' என்று ஓடுகிறவர்கள் தெளிவைத்தான் இழக்கிறார்கள்.

'விச்' என்று கேள்வியைத் தொடங்கலாம். முன் வாக்கியத்தின் வாலை 'விச்' என்று தொடங்கித் தனி வாக்கியமாக விடக் கூடாது. 'ஹி ஃபர்காட் தி கீ. விச் மென்ட் வி ஹேட் டு வெய்ட்.' இங்கே முற்றுப்புள்ளியைக் காற்புள்ளி ஆக்குங்கள், இல்லையென்றால் 'விச்' இருந்த இடத்தில் 'திஸ்' போடுங்கள்.

கதையின் உரையாடலிலும் விளம்பரத்திலும் துண்டு வாக்கியங்கள் வருமே என்று கேட்கலாம். வரும், தெரிந்து வைத்தால் அழகாகவும் இருக்கும். 'ஒய் டிட் யூ லீவ்?' என்ற கேள்விக்கு 'பிகாஸ் ஐ வாஸ் டயர்ட்' என்று பதில் சொல்வது முற்றிலும் இயல்பு. விண்ணப்பத்திலும் கட்டுரையிலும் அறிக்கையிலும் மட்டும் முழுதாக எழுதுங்கள்.

நான்காம் படி: இன், பை, ஃபார் போன்ற முன்னிடைச்சொற்கள்

இவற்றில் தொடங்குவதற்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் இவை தொடங்கி வைக்கிற தொடர் சாதாரண வாக்கியத்தில் எழுவாயின் வேலையைச் செய்யாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் ஒரு பெரிய பிழைக் கூட்டமே போய்விடும். 'பை ப்ராக்டிசிங் டெய்லி இம்ப்ரூவ்ஸ் யுவர் இங்லிஷ்' என்று எழுதுகிறார்கள். 'இம்ப்ரூவ்ஸ்' என்ற வினைமுற்றுக்கு எழுவாய் எங்கே? 'பை' அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. 'பை' என்பதை வெட்டினால் 'ப்ராக்டிசிங் டெய்லி இம்ப்ரூவ்ஸ் யுவர் இங்லிஷ்', சரியாகிவிடும். 'பை' இருந்தே ஆக வேண்டுமென்றால் 'பை ப்ராக்டிசிங் டெய்லி, யூ இம்ப்ரூவ் யுவர் இங்லிஷ்' என்று ஒரு ஆளைக் கொண்டுவாருங்கள்.

'இன் தி ரிப்போர்ட் சேஸ் தட்...' என்பதும் அப்படித்தான், 'தி ரிப்போர்ட் சேஸ் தட்' என்று நேராகத் தொடங்குங்கள். 'ஃபார் தி பீப்பிள் ஹூ ஹேவ் நாட் பெய்ட் மஸ்ட் பே டுடே' என்பதில் 'ஃபார்' தேவையே இல்லை.

'ஆன் தி டேபிள் லே எ லெட்டர்' என்று எழுதுகிறார்களே என்றால், அதில் எழுவாய் 'எ லெட்டர்', அது வினைக்குப் பின்னால் வந்திருக்கிறது, அவ்வளவுதான். இடத்தைச் சொல்லித் தொடங்கும்போது இந்தத் தலைகீழ் வரிசை அழகாக இருக்கும், அளவோடு வைத்துக்கொண்டால்.

'அக்கார்டிங் டு மீ' என்று தொடங்குவதை விட்டுவிடுங்கள். 'அக்கார்டிங் டு' என்பது இன்னொருவர் சொன்னதை, அல்லது ஒரு ஆவணம் சொல்வதைக் குறிக்க வருவது. சொந்தக் கருத்துக்கு 'இன் மை வியூ' போதும், பல இடங்களில் 'ஐ திங்க்' அதைவிட நல்லது.

ஐந்தாம் படி: ஐஎன்ஜி வினைகளும் 'டு' வினைகளும்

'வாக்கிங் டு தி ஸ்டேஷன், தி ரெய்ன் ஸ்டார்ட்டட்.' காற்புள்ளிக்குப் பிறகு வருகிற எழுவாய் 'தி ரெய்ன்'. அப்படியானால் நிலையத்துக்கு நடந்து போனது மழை என்று ஆகிறது. வாக்கியம் 'வாக்கிங்' போல 'இங்' என்று முடிகிற ஐஎன்ஜி வினையில் தொடங்கினால், அந்த வேலையைச் செய்தவர் காற்புள்ளிக்கு அடுத்து எழுவாயாக வந்து நிற்க வேண்டும் என்பதுதான் ஒப்பந்தம். 'வாக்கிங் டு தி ஸ்டேஷன், ஐ காட் வெட்' என்று மாற்றலாம், அல்லது 'ஆஸ் ஐ வாஸ் வாக்கிங் டு தி ஸ்டேஷன், தி ரெய்ன் ஸ்டார்ட்டட்' என்று விரித்து எழுதலாம். எழுவாய் வேறு யாராகவோ இருந்தே தீர வேண்டும் என்றால் இரண்டாவது வழிதான் ஒத்துவரும்.

அலுவலகக் கடிதங்களில் அடிக்கடி பார்க்கிற ஒன்று: 'பீயிங் எ ஹாலிடே, தி ஆஃபிஸ் வாஸ் க்ளோஸ்ட்.' அலுவலகம் விடுமுறை நாளாக இருக்க முடியாது. 'ஆஸ் இட் வாஸ் எ ஹாலிடே, தி ஆஃபிஸ் வாஸ் க்ளோஸ்ட்' என்று எழுதுங்கள். 'டு ஓபன் தி ஃபைல், தி பாஸ்வேர்ட் இஸ் நீடட்' என்பதிலும் கோப்பைத் திறக்கப்போகிற ஆளைக் காணோம், 'டு ஓபன் தி ஃபைல், யூ நீட் தி பாஸ்வேர்ட்' என்றால் நேராகிவிடும். 'ரிட்டன் இன் எ ஹர்ரி, தி லெட்டர் ஹேட் மெனி மிஸ்டேக்ஸ்' என்பது சரியான வாக்கியம், அவசரமாக எழுதப்பட்டது கடிதமேதான்.

'ஜெனரலி ஸ்பீக்கிங்', 'கன்சிடரிங்', 'ரிகார்டிங்' போன்ற சில சொற்கள் வினைத்தன்மையை இழந்து முன்னிடைச்சொல் போலவே ஆகிவிட்டன, அவற்றுக்கு இந்த ஒப்பந்தம் பொருந்தாது. அப்புறம், ஐஎன்ஜி சொல்லே எழுவாயாக வருவதும் உண்டு: 'ரீடிங் புக்ஸ் ஹெல்ப்ஸ்.' 'புக்ஸ்' பன்மையாயிற்றே என்று 'ஹெல்ப்' போட்டுவிடாதீர்கள், உதவுவது வாசிப்பு என்ற ஒரே செயல்.

ஆறாம் படி: நெவர், ரேர்லி, நாட் ஒன்லி

எதிர்மறைப் பொருள் உள்ள இந்தச் சொற்களை முதலில் வைத்தால், பின்னால் கேள்வி வாக்கியம் போல 'ஹேவ்', 'டிட்' போன்ற துணைவினை எழுவாயை முந்திக்கொள்ளும். 'நெவர் ஐ ஹேவ் சீன் சச் எ ஸ்டார்ம்' தவறு, 'நெவர் ஹேவ் ஐ சீன் சச் எ ஸ்டார்ம்' சரி. துணைவினை இல்லாத வாக்கியமாக இருந்தால் 'டூ', 'டஸ்', 'டிட்' என்று ஒன்றைக் கொண்டுவர வேண்டும்: 'நாட் ஒன்லி டிட் ஹி கம் லேட், பட் ஹி ஆல்ஸோ ஃபர்காட் தி டிக்கெட்ஸ்.' 'நோ ஸூனர்' என்று தொடங்கினால் பின்னால் வருகிற ஜோடிச் சொல் 'தேன்', 'ஹார்ட்லி' என்று தொடங்கினால் ஜோடி 'வென்', இவற்றை மாற்றிப் போடாதீர்கள்.

'ஒன்லி' இடத்துக்கு இடம் மாறும். 'ஒன்லி ஆஃப்டர் தி மீட்டிங் டிட் ஐ அண்டர்ஸ்டாண்ட்' என்பதில் வரிசை மாறுகிறது, ஏனென்றால் 'ஒன்லி' ஒரு நேரத்தைச் சுட்டுகிறது. 'ஒன்லி மை சிஸ்டர் நோஸ் தி பாஸ்வேர்ட்' என்பதில் அது எழுவாயோடு ஒட்டியிருக்கிறது, வரிசை மாறாது. 'இஃப்' என்பதை எடுத்துவிட்டு 'ஹேட் ஐ நோன்', 'ஷுட் யூ நீட் ஹெல்ப்' என்று தொடங்குவதும் இதே தலைகீழ் வரிசைதான், முறையான கடிதத்தில் நன்றாக இருக்கும்.

'நெவர்' வகைத் தொடக்கத்துக்கு அழுத்தம் அதிகம். ஒரு கட்டுரைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதற்குமேல் போனால் மேடைப் பேச்சு மாதிரி ஆகிவிடும்.

ஏழாம் படி: ஹவெவர், ஆல்ஸோ, டூ, ஹோப்ஃபுலி

'ஹவெவர்' முதலில் வரலாமா என்பது நூறு வருடத்துக்கு மேலான சண்டை. 1918இல் அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் தன் மாணவர்களுக்காக எழுதிய சிறு கையேட்டில், 'ஆனாலும்' என்ற பொருளில் அதை முதலில் வைக்கக் கூடாது என்று எழுதினார். இன்று அந்தத் தடையைப் பெரும்பாலானவர்கள் பின்பற்றுவதில்லை. என்னைக் கேட்டால், தொடங்கலாம், காற்புள்ளியை மட்டும் விடாதீர்கள். 'ஹவெவர், ஹி ட்ரைட்' என்றால் 'ஆனாலும் அவன் முயன்றான்'. 'ஹவெவர் ஹி ட்ரைட்' என்று காற்புள்ளி இல்லாமல் எழுதினால் 'எப்படித்தான் முயன்றாலும்' என்று பொருள் மாறி, படிக்கிறவர் மீதிப் பாதிக்காகக் காத்திருப்பார். 'இட் ரெய்ன்ட், ஹவெவர், வி வென்ட் அவுட்' என்று இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளியால் ஒட்டுவதும் தவறு, முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறதே என்று தோன்றினால் 'பட்' இருக்கவே இருக்கிறது.

'ஆல்ஸோ' என்று தொடங்கலாம், கொஞ்சம் பேச்சு வாடை அடிக்கும், அவ்வளவுதான். 'மேலும்' என்ற பொருளில் 'டூ' என்று தொடங்க முடியாது, அது கடைசியில் வருவது. 'ஆஸ் வெல்' என்று தொடங்குவது கனடா ஆங்கிலத்தில் சாதாரணம், மற்ற இடங்களில் படிக்கிறவர்களுக்குப் புதிதாகத் தெரியும். 'நடக்கும் என்று நம்புகிறோம்' என்ற பொருளில் 'ஹோப்ஃபுலி' என்று தொடங்குவதைப் பல பத்து வருடங்கள் பலர் எதிர்த்தார்கள். 2012இல் அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸின் நடைக் கையேடே அதை ஏற்றுக்கொண்டது, நீங்களும் நிம்மதியாக எழுதலாம்.

எட்டாம் படி: எண்ணும் சின்ன எழுத்தும்

'127 பீப்பிள் அட்டெண்டட் தி மீட்டிங்' என்று எண் வடிவத்தில் வாக்கியத்தைத் தொடங்குவதை ஆங்கிலப் பதிப்புக் கையேடுகள் பொதுவாக ஏற்பதில்லை. சின்ன எண் என்றால் எழுத்தில் எழுதிவிடலாம், பெரிய எண்ணை எழுத்தில் எழுதினால் பார்க்கவே சகிக்காது, அதனால் 'இன் ஆல், 127 பீப்பிள் அட்டெண்டட்' என்று எண்ணை உள்ளே தள்ளுங்கள். ஆண்டுக்கு மட்டும் அசோசியேட்டட் பிரஸ் விலக்குத் தருகிறது, '2019 வாஸ் எ ட்ரை இயர்' அவர்களுக்குச் சரி.

ஐஃபோன், ஈபே போல முதல் எழுத்து சிறியதாகவும் இரண்டாவது பெரியதாகவும் இருக்கிற பெயர்களில் வாக்கியம் தொடங்கினால் என்ன செய்வது? பெயரை அப்படியே விடலாம் என்கிறது சிகாகோ. முதல் எழுத்தைப் பெரிதாக்கு என்கிறது அசோசியேட்டட் பிரஸ். இரண்டுமே வேண்டாம் என்றால் முன்னால் 'தி' போட்டுவிடுங்கள், அல்லது பெயரை நடுவுக்குக் கொண்டுபோங்கள். அமிலத்தன்மையைக் குறிக்கிற பிஎச் போன்ற குறியீடுகளுக்கு நடுவுக்குக் கொண்டுபோவதுதான் ஒரே நல்ல வழி.

ஒன்பதாம் படி: மைசெல்ஃப், மீ, திஸ்

அறிமுகத்தில் 'மைசெல்ஃப்' என்று சொல்லிப் பெயரைச் சேர்ப்பது ஆங்கில வாக்கியம் ஆகாது, 'ஐ ஆம்' அல்லது 'மை நேம் இஸ்' என்று தொடங்குங்கள். 'மீ அண்ட் மை ஃப்ரெண்ட் வென்ட்' என்று பேச்சில் கேட்கலாம், எழுத்தில் 'மை ஃப்ரெண்ட் அண்ட் ஐ வென்ட்'. 'ஒய் யூ ஆர் லேட்?' என்று கேள்வியைத் தொடங்காதீர்கள், 'ஒய்' வந்தவுடன் துணைவினை முன்னால் வர வேண்டும்: 'ஒய் ஆர் யூ லேட்?' 'ஹௌ டு ஓபன் திஸ்?' என்பது தலைப்பாக இருக்கலாம், கேள்வியாக எழுதும்போது 'ஹௌ டூ ஐ ஓபன் திஸ்?'

'திஸ்' என்று தொடங்கும்போது எதைச் சுட்டுகிறீர்கள் என்பதை ஒரு பெயர்ச்சொல் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். முன் பத்தியில் நாலு விஷயம் பேசிவிட்டு 'திஸ் காஸ்ட் அஸ் எ லாட்' என்றால் எது என்று தேட வேண்டியிருக்கிறது. 'திஸ் டிலே காஸ்ட் அஸ் எ லாட்' என்றால் தேடல் இல்லை. சிறிய திருத்தம்தான், ஆனால் அறிக்கை எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ளதாக வேறொன்றைச் சொல்லத் தெரியவில்லை எனக்கு.

பத்தாம் படி: எழுதி முடித்ததும் முதல் சொற்களை மட்டும் படியுங்கள்

இதுவரை பார்த்தது எது சரி என்பது. சரியான தொடக்கங்களுக்குள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது தனி விஷயம். ஒரு சின்னக் கடிதத்தை எடுத்துக்கொள்வோம்.

'ஐ ரிசீவ்ட் யுவர் லெட்டர் ஆன் மண்டே. ஐ செக்ட் தி பில். ஐ ஃபவுண்ட் டூ மிஸ்டேக்ஸ். ஐ ஹேவ் கரெக்டட் தி மிஸ்டேக்ஸ். ஐ வில் செண்ட் தி நியூ பில் டுமாரோ.'

இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஐந்து வாக்கியங்களும் 'ஐ' என்று தொடங்குகின்றன, ஒவ்வொன்றும் முன்னதைத் தெரியாதது போல நிற்கிறது. இதையே இப்படி எழுதலாம்:

'ஐ ரிசீவ்ட் யுவர் லெட்டர் ஆன் மண்டே. வென் ஐ செக்ட் தி பில், ஐ ஃபவுண்ட் டூ மிஸ்டேக்ஸ். போத் ஹேவ் நவ் பீன் கரெக்டட், அண்ட் தி நியூ பில் வில் ரீச் யூ டுமாரோ.'

'வென்' இரண்டு செயல்களைக் காலத்தால் கட்டியது. 'போத்' என்ற முதல் சொல், முன் வாக்கியத்தின் கடைசியில் வந்த 'டூ மிஸ்டேக்ஸ்' என்பதைப் பிடித்துக்கொண்டு தொடங்குகிறது. படிக்கிறவருக்கு ஏற்கெனவே தெரிந்ததில் தொடங்கி, புதியதில் முடிப்பது என்பது இதுதான். கடைசி வாக்கியத்தில் 'ஐ' போய், அவருக்கு வேண்டிய பொருளான புதிய பில் எழுவாய் ஆகியிருக்கிறது.

இதை நீங்களே செய்து பார்க்க, எழுதியதை எடுத்து ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் இரண்டு சொற்களுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். ஒரே சொல் மூன்று முறை தொடர்ந்து வந்திருந்தால், காரணத்தோடு செய்ததா, பழக்கத்தில் வந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'பிகாஸ்', 'ஆல்தோ' என்று தொடங்கும் இடங்களில் இரண்டு வினைமுற்றுகள் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். ஐஎன்ஜி தொடக்கம் இருந்தால் காற்புள்ளிக்கு அடுத்த சொல்லைப் பாருங்கள். 'இன்', 'பை' என்று தொடங்கினால் எழுவாய் எங்கே என்று விரல் வைத்துக் காட்டுங்கள். காட்ட முடிகிற வாக்கியத்தை, அது 'பட்' என்று தொடங்கியிருந்தாலும், அப்படியே விட்டுவிடுங்கள்.